கருப்பசாமிக்குப் படையல் எங்கே?

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன், சார். மகனின் பிறந்தநாளுக்கு 2 அடி மீன் தொட்டி வாங்கினோம். 2 கோல்டு ஃபிஷ், 6 மோலி, ஒரு ஏஞ்சல், ஒரு சக்கர் மீன். சக்கர் ராத்திரியில்தான் சுற்றும், கறுப்பாகவும் இருக்கும் என்பதால் மகன் அதற்குக் கருப்பசாமி என்று பெயர் வைத்திருக்கிறான். "இதுக்குத் தனியா ஒண்ணும் போட வேண்டாம்மா, பாசியையும் மத்த மீனோட கழிவையும் தின்னு தொட்டியச் சுத்தமா வெச்சிக்கும்" என்றார் கடைக்காரர். 2 அங்குலத்தில் வாங்கியது, 8 மாதத்தில் 5 அங்குலம் ஆகிவிட்டது. போன வாரம் விடியற்காலையில் விளக்கைப் போட்டால் அது கோல்டு ஃபிஷ்ஷின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்தது! பிரித்துவிட்டேன். கோல்டு ஃபிஷ் மேல் வெள்ளையாக ஒரு திட்டு, நாலைந்து செதிலைக் காணோம். கெட்ட மீனாக மாறிவிட்டதா? அதற்கு என்ன தீனி போடுவது? மாமியார், "பாவம், கொல்ல வேண்டாம், தெப்பக்குளத்துலயோ ஆத்துலயோ விட்டுடு, புண்ணியமாப் போகும்" என்கிறார். விடலாமா? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதில் அவசரம் இருக்கிறது. ஆற்றிலோ தெப்பக்குளத்திலோ விட வேண்டாம். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், அத்தையிடம் படித்துக் காட்டுங்கள்.

அது கெட்ட மீனாக மாறவில்லை. பசியில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் சக்கர் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வயிற்றைக் காட்டுகிறது பாருங்கள். கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் லேசாக உப்பியிருக்க வேண்டிய இடம், கரண்டியின் உட்பக்கம் போலக் குழிந்திருக்கிறது. தலை பெரிதாகவும் உடம்பு சட்டென்று ஒடுங்கியும் தெரிவதற்கும் அதுதான் காரணம். இந்த இனத்துக்கு உடம்பு முழுக்க எலும்புத் தகடு, கவசம் போட்ட மாதிரி. மற்ற மீன் மெலிந்தால் முதுகிலேயே தெரிந்துவிடும். இது உள்ளே வற்றிக்கொண்டிருந்தாலும் மேலே இருந்து பார்த்தால் கம்பீரமாகவே இருக்கும். வயிற்றைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு மீனைச் சாகவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொட்டி பராமரிப்பு வேலைக்கு வந்த புதிதில் ஒரு மருத்துவமனை வரவேற்பறையில் 3 அடி தொட்டி என் பொறுப்பில் இருந்தது. வாரம் ஒருமுறை போய்க் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து, ஒரு துளிப் பாசி இல்லாமல் வைத்துவிட்டு வருவேன். எல்லோரும் பாராட்டுவார்கள். நாலாவது மாதம் சக்கர் செத்துக் கிடந்தது. கையில் எடுத்தால் காய்ந்த சருகு மாதிரி எடையே இல்லை. பாசியை நான் சுரண்டி எடுத்துவிட்டேன். மிதக்கும் தீனியை மேலே நீந்துகிற மீன்கள் முடித்துவிட்டன. அடியில் கிடந்த அதற்கு நாலு மாதம் சாப்பாடே இல்லை. தொட்டி சுத்தமாக இருந்ததே அதற்கு எமனாகிவிட்டது.

உங்கள் கடைக்காரர் ஏமாற்றுவதற்காகச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சக்கர், டேங்க் கிளீனர் என்று வைத்த பெயர்தான் எல்லோரையும் குழப்புகிறது. வேலைக்கு ஆள் வைத்த மாதிரி நினைத்துக்கொள்கிறோம். குட்டியாக இருக்கும்போது பாசி மேய்வது உண்மைதான். 4, 5 அங்குலம் தாண்டினால் அந்த ஆர்வம் குறைந்துவிடும். மற்ற மீனின் கழிவை எந்த வயதிலும் தின்னாது. சொல்லப்போனால் தொட்டியிலேயே அதிகம் கழிவு போடுவது அதுதான். தரையில் நூல் நூலாக நீளமாகக் கிடக்கிறதே, அது அதனுடையது. வயிறு நிறைந்த சக்கர் இன்னும் நிறையப் போடும். போடட்டும். சாப்பிடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கோல்டு ஃபிஷ் மேல் ஏன் ஒட்டியது என்று யோசிப்பீர்கள். மீனின் உடம்பில் வழவழவென்று ஒரு படலம் உண்டு. அதில் புரதம் இருக்கிறது. பசித்த சக்கர் ஏதோ ஒரு ராத்திரி தற்செயலாக அதைச் சுவைத்திருக்கும். கோல்டு ஃபிஷ் சோம்பேறி, உடம்பும் அகலம், ராத்திரியில் அடியில் அசையாமல் கிடக்கும். ஒட்டுவதற்கு அதைவிட வசதியான மீன் இல்லை. அடுத்தபடி உங்கள் ஏஞ்சல். தட்டையான உடம்பு, தூங்கும்போது ஒரே இடத்தில் நிற்கும். மோலிகளுக்குப் பயமில்லை, அதன் வாய்க்கு அவை எட்டாது. தீனி ஒழுங்காகக் கிடைத்தால் பெரும்பாலும் இந்தப் பழக்கம் நின்றுவிடும். ஆனால் ஒருமுறை ருசி கண்டதை முழுக்க நம்பக் கூடாது என்பது என் அனுபவம்.

ஆகவே அடிபட்ட கோல்டு ஃபிஷ்ஷை இன்றைக்கே தனியாக எடுங்கள். 10 லிட்டர் பக்கெட்டில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் ஒன்றைப் போட்டு, 2 டீஸ்பூன் கல் உப்பைக் கரைத்து விடுங்கள். அயோடின் கலக்காத உப்பாக இருக்கட்டும். தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, மாற்றிய தண்ணீருக்கு ஏற்ற உப்பை மட்டும் சேருங்கள். ஒரு வாரத்தில் திட்டு மங்கி, இடம் மழமழப்பாகும். திட்டின் மேல் பஞ்சு ஒட்டிய மாதிரி வளர்ந்தால் அது பூஞ்சை, அதற்கு மருந்து வேண்டும். அந்த மருந்தையும் பக்கெட்டில்தான் ஊற்ற வேண்டும், பெரிய தொட்டியில் வேண்டாம். சக்கர் மருந்து தாங்காத மீன். செம்பு கலந்த மருந்துகள் அதற்கு ஆகாது. வெள்ளைப்புள்ளி நோய்க்கு விற்கிற பச்சை மருந்தையும் பாதி அளவில் தொடங்குவதுதான் நல்லது. உப்பும் அப்படித்தான். எந்த வியாதி என்றாலும் தொட்டியில் ஒரு கைப்பிடி கல் உப்பு அள்ளிப் போடும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சக்கர் இருக்கும் தொட்டியில் அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள்.

காயம் ஆறியதும் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷையும் 50 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்றில் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு வைத்திருங்கள். சக்கர் விஷயம் ஒரு முடிவுக்கு வரும்வரைதான். ஏஞ்சல் அங்கேயே இருக்கட்டும், ஆனால் காலையில் அதன் இரண்டு பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

இனி தீனிக்கு வருவோம். கருப்பசாமி என்று பெயர் வைத்தீர்கள், படையல் வைக்க மறந்துவிட்டீர்கள். ஊரடங்கிய பிறகு வேட்டைக்குக் கிளம்புகிற சாமிக்குப் பகலில் படைத்துப் பயனில்லை. விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்துத்தான் இதற்குத் தீனி போட வேண்டும்.

வெள்ளரிக்காயில் தொடங்குங்கள். விரல் கனத்தில் ஒரு வில்லை. மருந்து அடித்த காயாக இருக்கும் என்று தோன்றினால் தோலைச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் நன்றாகக் கழுவினால் போதும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து ஆறவிட்டால் மென்மையாகிவிடும், கொஞ்சம் சீக்கிரம் மூழ்கவும் செய்யும். இருந்தாலும் மிதக்கத்தான் பார்க்கும். எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி அப்படியே தரையில் கிடத்துங்கள், அதைவிட நல்ல எடைக்கல் கிடையாது. முதல் ராத்திரி தொடாமல் போனால் சோர்ந்துபோக வேண்டாம். காய்கறியே பார்க்காத மீன் பழக மூன்று நாலு ராத்திரி ஆகும்.

நடு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் மகனையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள். செல்போன் டார்ச்சின் மேல் சிவப்பு கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டால் மீன் மிரளாது. வில்லையின் மேல் குடை மாதிரி கவிழ்ந்து படுத்திருக்கும். உதடு மட்டும் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் இழைப்புளி ஓட்டுவதுபோல் போய் வரும். காலையில் பார்த்தால் நடுச்சதை எல்லாம் போய், தோல் மட்டும் வளையல் போல வட்டமாகக் கிடக்கும். அந்த வளையலைப் பார்த்த அன்றைக்கு நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

வெள்ளரியில் தண்ணீர்தான் அதிகம், சத்து குறைவு. அதனால் அதோடு நிற்கக் கூடாது. பூசணி, பீர்க்கங்காய், சுரைக்காய், பச்சைப் பட்டாணி எல்லாம் மாற்றி மாற்றி வைக்கலாம். பூசணியை இன்னும் கொஞ்சம் அதிகம் வேகவிட வேண்டும். பட்டாணிக்குத் தோலை உரித்துவிடுங்கள். பீர்க்கங்காய், சுரைக்காயில் மட்டும் ஒரு சின்னத் துண்டை நீங்கள் வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் நமக்கும் ஆகாது, மீனுக்கும் ஆகாது. உப்பு, மஞ்சள், எண்ணெய் பட்ட எதுவும் வேண்டாம். குழம்புக்கு வேகவைத்ததில் ஒன்றை எடுத்துப் போடுகிற யோசனை எல்லா வீட்டிலும் வரும், அதனால்தான் சொல்கிறேன். சோறு, பிரட், பிஸ்கட் தண்ணீரைக் கெடுக்கும், வேறு எதற்கும் உதவாது.

காய்கறி இல்லாத ராத்திரிகளில் ஆல்கே வேஃபர் என்று வட்ட மாத்திரை போல விற்கிறார்களே, அதில் ஒன்று. வாங்கும்போது மூழ்குகிற வகைதானா என்று பாருங்கள். இந்த அளவு மீனுக்கு ஒரு ராத்திரிக்கு ஒன்று போதும். வாரத்தில் ஒருநாள் தோல் உரித்த இறால் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு. பலரும் இதைச் சுத்த சைவம் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் பகுதி. அங்கே கல்லிலும் மரத்திலும் படிந்திருப்பதைச் சுரண்டித் தின்னும்போது பாசியோடு புழு பூச்சியும் அழுகிய இலையும் சேர்ந்தே உள்ளே போகும். குடல் மிக நீளம், கடிகாரச் சுருள்வில் மாதிரி சுருண்டு வயிறு முழுக்க இருக்கும். சத்துக் குறைந்த உணவை மெதுவாக, நிறைய அரைக்கிற ஏற்பாடு அது. அதனால் இறைச்சியைத் தினமும் கொடுத்துவிடவும் கூடாது.

முதல் மூன்று வாரம் ஒரு ராத்திரியும் விடாமல் கொடுங்கள். உடம்பு தேறியதும் வாரத்தில் ஒருநாள் விடுமுறை விடலாம். காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், அதில் மட்டும் சோம்பல் கூடாது. திருநெல்வேலி வெயிலில் வெந்த காய் மதியத்துக்குள் ஊசிப்போகும்.

உங்கள் கோல்டு ஃபிஷ்கள் டப்புக்குப் போகும்வரை போட்டிக்கு வரும். வேஃபர் விழுந்த வாசனை பிடித்தால் இருட்டிலும் வந்துவிடும். அதற்கு ஒரு வழி, சிரட்டை. பாதிச் சிரட்டையை நாரெல்லாம் சுரண்டி, தண்ணீரின் நிறம் தெளிகிறவரை இரண்டு மூன்று தடவை கொதிக்கவைத்து, விளிம்பில் சக்கர் நுழைகிற அளவுக்கு ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். தீனியை அதற்குள் தள்ளிவிடலாம். பகலில் ஒளிவதற்கும் அதுவே இடம். இப்போது உங்கள் தொட்டியில் அதற்கு ஒளிய ஃபில்டரின் பின்பக்கம் தவிர இடமே இல்லை. படத்தில் வால் மட்டும் அங்கிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. வளர்ந்தால் சிரட்டை போதாது, 4 அங்குல பிவிசி குழாயில் ஒரு முழம் வெட்டிப் போடுங்கள்.

தொட்டியில் போடுகிற டிரிஃப்ட்வுட் மரக்கட்டை ஒரு துண்டும் வேண்டும். அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், நார்ச்சத்து போகும், மேலே படிகிற பாசியும் கிடைக்கும். கடையில் விற்பதையே வாங்குங்கள். தோட்டத்து வேப்பங்கட்டையை வெட்டிப் போட்டுத் தொட்டியையே காலி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கொஞ்ச நாள் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும், அதனால் கெடுதல் இல்லை.

பாசியை இனி யார் எடுப்பது என்று கேட்பீர்கள். நீங்கள்தான், அல்லது பையன். பழைய ஏடிஎம் கார்டு போதும், கண்ணாடியில் அழகாகச் சுரண்டிவிடலாம். அதைவிட, பாசி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். படத்தில் தொட்டி ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது. வெயில் விழுகிற இடத்தில் பத்து சக்கர் விட்டாலும் பாசி அடங்காது. திரை போடுங்கள், விளக்கை ஒரு நாளைக்கு 7, 8 மணி நேரத்தோடு நிறுத்துங்கள்.

தீனி கூடினால் கழிவும் கூடும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஊற்றுகிற தண்ணீர் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை எடுக்கிற மருந்து சேர்க்காமல் ஊற்றாதீர்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று அலசவும் வேண்டாம். கழிவை முறிக்கிற நல்ல கிருமிகள் அதில்தான் குடியிருக்கின்றன. மாற்றுவதற்கு எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்துவிட்டு மாட்டுங்கள்.

வெப்பம் 24 முதல் 30 டிகிரி வரை இருந்தால் அதற்குச் சுகம். உங்கள் ஊரில் ஏப்ரல், மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் அதையும் தாண்டும். சூடான தண்ணீரில் பிராணவாயு தங்காது. அப்போது சக்கர் விருட்டென்று மேலே போய் ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு வரும். இந்த மீனுக்கு இரைப்பைச் சுவரே காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும், அதனால்தான் தப்பிக்கிறது. எப்போதாவது ஒருமுறை என்றால் விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போய்க்கொண்டிருந்தால் ஏர் பம்பைப் பாருங்கள். அது சமாளித்துக்கொள்ளும், அதே நேரம் மோலியும் ஏஞ்சலும் திணறிக்கொண்டிருக்கும். கரண்ட் போகிற ஊர்களில் பேட்டரியில் ஓடுகிற சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

மகனுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். விளக்குப் போட்டதும் சக்கரின் கண்ணை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணின் மேலிருந்து ஒரு சின்ன மடல் இறங்கி, வெளிச்சம் கூடக்கூடக் கண்மணியை வளைந்த கோடு போலச் சுருக்கும். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் முழு வட்டமாகிவிடும். இருட்டில் திரிகிறவன் வெயிலுக்குக் குடை பிடிக்கிறான்.

இவ்வளவும் சொன்ன பிறகு சொல்லக் கஷ்டமாக இருக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மீனை உங்கள் தொட்டியில் கடைசிவரை வைத்துக்கொள்ள முடியாது. பிளெக்கோ என்று பொதுவாகச் சொல்கிற இந்தக் குடும்பத்தில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. பெயர் வந்தது ஹைப்போஸ்டோமஸ் பிளெக்கோஸ்டோமஸ் என்ற மீனிலிருந்து. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ், 1758ல் அதற்குப் பெயரிட்டபோது ஸ்டர்ஜன் என்ற வேறொரு கவச மீன் வகையில் சேர்த்துவிட்டார்! பெரிய மனிதர்களும் இந்த மீனைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பது அதுவும் இல்லை. முதல் படத்தில் முதுகுத் துடுப்பு விரிந்திருக்கிறது. பெரிதாக்கி எண்ணினேன், முன்னால் இருக்கிற தடித்த முள்ளை விட்டுவிட்டு, துடுப்பைத் தாங்குகிற குச்சி போன்ற கதிர்கள் 12. ஹைப்போஸ்டோமஸுக்கு அவ்வளவு வராது, 7, 8 தான் இருக்கும். பாய்மரம் மாதிரி இப்படிப் பெரிய துடுப்பு இருந்தால் அது டெரிகோப்லிக்திஸ். நம் கடைகளில் சக்கர் என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். நன்றாகப் போட்டு வளர்த்தால் ஒன்றரை அடி ஆகும். பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும்.

உங்கள் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 56 லிட்டர்தான், கல்லும் மண்ணும் போக இன்னும் குறைவு. ஒன்றரை அடி மீன் ஒரு அடி அகலத்தில் திரும்புவது எப்படி? 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் உயரம் உள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் பிடிக்கும். அதையும் ஒரு கட்டத்தில் மிஞ்சும். தொட்டி அளவுக்குத் தகுந்த மாதிரிதான் மீன் வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கெட்ட தண்ணீரிலும் பட்டினியிலும் வளர்ச்சி குன்றிப் போவதைத்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

மூன்று வாரத்தில் உடம்பைத் தேற்றி, வாங்கின கடையிலேயே கேட்டுப் பாருங்கள். பெரிய சக்கரைத் திரும்ப எடுத்துக்கொள்கிற கடைகள் இருக்கின்றன. பணம் எதிர்பார்க்க வேண்டாம். பெரிய தொட்டி வைத்திருக்கிற பள்ளி, ஓட்டல், மீன் வளர்க்கிற நண்பர்கள் என்று விசாரியுங்கள். ஏற்கெனவே வேறு சக்கர் இருக்கிற தொட்டியில் விட்டால் இடத்துக்காகச் சண்டை போடும் என்பதையும் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

பிடிக்கும்போது வலையைப் போடாதீர்கள். பக்கத் துடுப்பின் முள் வலைக்கண்ணில் மாட்டும், மீன் துடுப்பை விறைத்துக்கொள்ளும், நாம் இழுக்க இழுக்க முள் முறியும். அப்படி மாட்டிவிட்டால் மீனை இழுக்க வேண்டாம், வலையைக் கத்தரியுங்கள். பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் இறக்கி, கண்ணாடியோடு சேர்த்து அதற்குள் ஓட்டிவிடுவதுதான் சுலபம். கையில் எடுத்தால் கிர்ரென்று சத்தம் போடும், பயந்து கீழே போட்டுவிடாதீர்கள்.

அது போன இடத்தில் வேறு ஒன்று வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால் பிரிஸில்நோஸ் என்று கேளுங்கள். மூக்கில் மீசை மாதிரி முளைத்திருக்கும், 4, 5 அங்குலத்தோடு நின்றுவிடும், வளர்ந்த பிறகும் பாசி மேயும். விலை கொஞ்சம் கூட. அதற்கும் மேலே சொன்ன படையல் அத்தனையும் உண்டு.

இப்போது அத்தைக்கு. அம்மா, உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரிதான். ஆனால் ஒரு உயிரை விடப்போய் ஆற்றில் இருக்கிற பல உயிர்களுக்கு வினை வைத்துவிடுவோம். இது அமேசான் மீன். நம் ஆற்றில் இதைத் தின்ன ஆள் குறைவு, கவசத்தையும் முள்ளையும் பார்த்துக் கொக்குகூட யோசிக்கும். கழிவுத் தண்ணீரிலும் பிழைக்கும், தண்ணீருக்கு வெளியே ஈரத்தில் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். குளத்துக் கரையில் ஆண் மீன் கை நுழைகிற அளவுக்கு வளை தோண்டி, அதில்தான் முட்டையைக் காக்கும். வளை மேல் வளை விழுந்தால் கரை சரியும். கெண்டையும் விராலும் முட்டை வைக்கிற இடத்தையெல்லாம் இது மேய்ந்துகொண்டு போகும்.

வேறு ஊர்களில் ஏற்கெனவே பட்டுவிட்டார்கள். பிலிப்பைன்ஸில் இதற்கு ஜானிட்டர் ஃபிஷ் என்று பெயர், அங்கேயும் துப்புரவுப் பட்டம்தான். தொட்டியிலிருந்தும் பண்ணையிலிருந்தும் தப்பி லகுனா ஏரியில் பெருகி, மீனவர்களின் வலையை முள்ளால் கிழித்துக்கொண்டிருக்கிறது. மெக்ஸிகோவில் இன்ஃபியர்னில்யோ என்ற பெரிய நீர்த்தேக்கம், திலாப்பியா பிடிப்புக்குப் பேர் போனது. அங்கே வலையில் திலாப்பியாவுக்குப் பதில் இதுவே ஏறத் தொடங்கிப் பிழைப்பே படுத்துவிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்து வாய்க்காலிலும், கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலத்திலும் இது குடியேறிவிட்டது. பண்ணையிலிருந்து தப்பியது போக, மற்றதெல்லாம் யாரோ பாவம் பார்த்து விட்டதும், பராமரிக்க முடியாமல் விட்டதும்தான். தாமிரபரணிக்கு அந்தக் கதி வேண்டாம். தெப்பக்குளம் மூடின இடம்தானே என்றும் நினைக்க வேண்டாம், மழையில் நிரம்பி மறுகால் போனால் மீனும் போகும்.

கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்து, வேறு இடமும் அமையாவிட்டால் எனக்கு எழுதுங்கள், வழி பார்ப்போம். அதுவரை ராத்திரிப் படையல் நடக்கட்டும். மூன்று வாரம் கழித்து, கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வெளியிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முகம் வேண்டாம், வயிறு தெரிந்தால் போதும்.